ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருந்த வீடு

என் மேசை இழுப்பறையில் ஒரு ரிமோட் கிடக்கிறது. டிவி ரிமோட் இல்லை, அதைவிடச் சிறியது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்ட ஐந்து பொத்தான்கள், கீழே ஒரு பச்சைப் பொத்தான், அவ்வளவுதான். இந்த மாதிரி ரிமோட்டுகளை எத்தனையோ வீடுகளிலிருந்து திரும்ப வாங்கியிருக்கிறேன். சாதாரணமாக ஒன்றாம் எண் தேய்ந்திருக்கும், இரண்டாம் எண் கொஞ்சம் மங்கியிருக்கும். ஐந்தாம் எண் கடையில் வாங்கியபோது இருந்த மாதிரியே இருக்கும், ஏனென்றால் அது வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு உரியது. இந்த ரிமோட்டில் ஐந்து எண்களும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கின்றன. இதைக் கம்பெனியிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டு நானே வைத்துக்கொண்டேன். அந்த வேலையில் நான் எழுதிக் கொடுத்த கடைசிப் பொய் அது. அதற்கு முன்னால் எழுதிய இன்னொரு பொய்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

டிவியில் எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் வேலையைப் புதுச்சேரியில் பல வருஷம் செய்தேன். எல்லா வீட்டையும் எண்ண முடியாது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வீடுகளைப் பிடித்து, டிவிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியை வைப்போம். மீட்டர் என்று சொல்வோம். வீட்டில் ஆளுக்கு ஓர் எண். டிவி முன்னால் வந்து உட்காரும்போது அவரவர் தன் எண்ணை அமுக்க வேண்டும், எழுந்து போகும்போது மறுபடியும் அமுக்க வேண்டும். அமுக்கியவரின் எண் பெட்டியின் முகப்பில் சிவப்பாக எரியும். மாதத்துக்கு ஒரு முறை அந்த வீடுகளுக்குப் போய், பெட்டி ஒழுங்காக ஓடுகிறதா, ஆட்கள் ஒழுங்காக அமுக்குகிறார்களா என்று பார்த்து வருவது என் வேலை. யார் வீட்டில் மீட்டர் இருக்கிறது என்பது தெருவுக்குத் தெரியக் கூடாது. யாராவது கேட்டால் கேபிள்காரன் என்று சொல்லிக்கொள்வேன். உழவர்கரையில் என் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களே என்னைக் கேபிள்காரன் என்றுதான் நினைத்திருந்தார்கள்.

அக்காவின் வீடு அரியாங்குப்பத்தில், ஆற்றுப் பாலம் தாண்டி, மாதா கோயிலுக்குப் போகிற சந்தில் இருந்தது. சொந்த அக்கா இல்லை. முதல் நாள் நான் அக்கா என்றேன், அவள் தம்பி என்றாள், அதோடு சரி. ஜாக்கெட்டும் நைட்டியும் தைக்கிறவள். முன்கூடத்திலேயே தையல் மிஷின், எதிரில் டிவி, டிவிக்கு மேலே பலகையில் மாதா சுரூபம். புருஷன் வேன் ஓட்டினார். ஒரு மகன், ஒரு மகள். பெட்டியை மாட்டப் போனபோது அவளுக்கு அவ்வளவாக இஷ்டமில்லை. "எதுக்கு தம்பி இந்தப் பொட்டி? நாங்க பாக்கறத யாரு வந்து கேக்கப் போறா?" என்றாள். எல்லா வீட்டிலும் சொல்கிற வசனத்தை அங்கேயும் எடுத்துவிட்டேன். "ஒங்க வீட்ல ஒருத்தர் பாத்தா ஊர்ல ஆயிரக்கணக்கான பேரு பாத்த மாதிரிக்கா. ஒங்க கை பட்டாதான் டிவிக்காரனுக்கே சோறு." மற்ற வீடுகளில் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அவள் அதை நம்பிவிட்டாள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

என் கைவசம் இருந்த வீடுகளிலேயே நேர்மையான வீடு அது. மற்றவர்கள் ஒருமுறை அமுக்கிவிட்டு ஊர் சுற்றப் போய்விடுவார்கள். அக்கா அப்படியில்லை. அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போனால்கூட ஒன்றை அமுக்கி அணைத்துவிட்டுப் போவாள், திரும்பி வந்ததும் அமுக்குவாள். இவ்வளவு சுத்தமாக வேண்டாம் அக்கா என்று ஒருமுறை நானே சொன்னேன். "நான் பாக்காதப்ப பாத்தன்னு எப்டி தம்பி சொல்றது? பொய்யில்ல?" என்றாள். அதைப் போய் மேலதிகாரியிடம் பெருமையாகச் சொன்னேன், இப்படி ஒரு வீடு கிடைக்காது சார் என்று.

அவள் புருஷன் ஒரு மழைக்காலத்தில் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். ஆள் இல்லை என்றால் அவர் எண்ணை நீக்க வேண்டும், அதற்கு ஒரு படிவம் இருக்கிறது. முப்பதாம் நாள் பூசை முடிந்து ஒரு வாரம் கழித்துப் படிவத்தோடு போனேன். அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டாம் நம்பரு இருந்துட்டுப் போவட்டும் தம்பி. அமுக்கப் போறதில்ல. பேரு மட்டும் இருக்கட்டும்" என்றாள். படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அடுத்த வருஷம் மகன் பிரான்ஸ் குடியுரிமை உள்ள குடும்பத்தில் பெண் கட்டிக்கொண்டு பாரீஸ் பக்கம் போய்விட்டான். அவனுடைய மூன்றாம் எண்ணையும் நான் நீக்கவில்லை. இரண்டை விட்டவன் மூன்றை எந்த முகத்தோடு நீக்குவது. வீட்டில் மிஞ்சியது அக்காவும் மகளும்தான்.

மகள் கோயில் பாடகர் குழுவில் பாடுவாள். நல்ல குரல் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒரு நாள் யாரோ சொல்லி, பாட்டுப் போட்டி நிகழ்ச்சி ஒன்றின் தேர்வுக்குச் சென்னை போனாள், எடுத்துக்கொண்டார்கள். வெளிநாட்டில் யாரோ உருவாக்கி, பல நாடுகளுக்கு விற்ற நிகழ்ச்சி அது. அதில் போட்டியாளர்கள் ஆளுக்கொரு கண்ணாடிப் படியில் நிற்பார்கள். ஜனங்கள் போடுகிற ஓட்டு குறைந்து யார் வெளியேறுகிறாரோ அவர் காலடியில் விளக்கு அணையும். பெயரைச் சொல்லுமுன் எத்தனை விநாடி நிறுத்த வேண்டும், அப்போது எந்த இசை ஓட வேண்டும், கேமரா யார் முகத்துக்குப் போக வேண்டும் என்பது வரை ஒரு தடித்த புத்தகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். மகன் பிரான்ஸிலிருந்து போனில் பேசியதை அக்கா என்னிடம் அதிசயமாகச் சொன்னாள்: "அங்கயும் இதே படிதானாம் தம்பி, இதே வெளக்குதானாம். அங்க வெள்ளக்காரப் புள்ளைங்க நின்னு அழுவுதாம். பாட்டு மட்டும்தான் வேறயாம்." போட்டியாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு கஷ்டக் கதை இருக்க வேண்டும் என்பதும் அந்தப் புத்தகத்தில் இருந்திருக்க வேண்டும். மகளுக்காக அக்கா பச்சைப் பட்டில் ஒரு ஜாக்கெட் தைத்து அனுப்பியிருந்தாள், கழுத்தில் மணி கோத்து. நிகழ்ச்சியில் அதைப் போடவிடவில்லை. சாயம் போன பாவாடை தாவணியில் மேடையேற்றி, தையல்காரி மகள் என்று அறிமுகப்படுத்தினார்கள். அக்காவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். "ஜனங்க பாக்கணும்னா அப்டித்தான் காட்டணுமாம் தம்பி" என்று அவளே எனக்குச் சமாதானம் சொன்னாள்.

இங்கே நான் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. மீட்டர் வீட்டில் யாராவது டிவி சம்பந்தப்பட்டவர் என்றால் அன்றைக்கே மேலே சொல்லி, பெட்டியை எடுத்துவிட வேண்டும். சொல்லவில்லை. இரண்டு வாரத்தில் விளக்கு அணைந்து திரும்பி வந்துவிடுவாள், எதற்கு ஒரு நல்ல வீட்டை இழப்பது என்று இருந்துவிட்டேன். அவள் திரும்பி வரவில்லை. வாராவாரம் தப்பித்துக்கொண்டே போனாள். ஒரு நாள் அக்கா மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "எம் பொண்ணு பாடற நேரத்துல எத்தினி பேரு பாக்கறாங்கன்னு அவங்களுக்குத் தெரியுமா தம்பி?" நான் வழக்கமான பெருமையோடு, "நிமிஷத்துக்கு நிமிஷம் தெரியும்க்கா. யார் பாடறப்ப ஜனம் ஒக்காருது, யார் பாடறப்ப மாத்துதுன்னு புட்டுப் புட்டு வச்சிடுவோம்" என்றேன். அவள் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தாள்.

அடுத்த முறை போனபோது மத்தியானம் மூன்று மணி. நிகழ்ச்சியின் மறுஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. கூடத்தில் அக்கா மட்டும் இருந்தாள். பெட்டியின் முகப்பில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எரிந்துகொண்டிருந்தன. செத்துப்போன புருஷன் பார்த்துக்கொண்டிருந்தார். பாரீஸில் இருந்த மகன் பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் பாடிக்கொண்டிருந்த மகளே கூடத்தில் உட்கார்ந்து தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே நுழைந்ததும் அக்கா கையை நீட்டி ஐந்தை அமுக்கினாள். "வா தம்பி, ஒன்னையும் அமுக்கிட்டேன்" என்றாள். நான் பெட்டியைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டுச் சொன்னாள்: "பொய்தான். மாதாகிட்ட சொல்லி மன்னிப்பு கேட்டுட்டேன். ஒருத்தர் பாத்தாலே ஆயிரக்கணக்குன்னு சொன்ன இல்ல? அப்ப அஞ்சு பேருன்னா எவ்ளோ ஆவும்! ஆனா நான் ஒருத்தியாவது நெசமா ஒக்காந்து பாக்கணும் இல்ல? நான் எழுந்தா அஞ்சையும் அணைச்சிட்டுத்தான் எழுந்திரிக்கணும், எம் புள்ளைக்கு அவ்ளோ பேரு கொறைஞ்சிடுவாங்க தம்பி." எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. ஓட்டு வேறு, இந்தக் கணக்கு வேறு, ஒரு வீட்டால் எதுவும் மாறாது என்று விளக்கியிருக்கலாம். அவள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். அதற்கப்புறம் நான் அந்த வீட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் என் பேரில் ஐந்தாம் எண் எரிந்தது.

இந்த மாதிரித் திருகுதாளங்களைக் கண்டுபிடிக்கத் தலைமை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஒரே நிகழ்ச்சிக்கு ஐந்து எண்களும் ஒரே நிமிஷத்தில் எரிந்து ஒரே நிமிஷத்தில் அணைந்தால் அதற்குப் புரிந்துவிடும். ஒரு திங்கட்கிழமை எனக்குத் தகவல் வந்தது. இந்த வீட்டின் கணக்கு இன்று முதல் சேராது, போய்ப் பெட்டியை எடுத்து வா என்று. திருப்புளியும் பையுமாக அன்றே போனேன். அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். முந்தின நாள் மகள் கடைசி எட்டுப் பேருக்குள் வந்திருந்தாள். "பாத்தியா தம்பி, நம்ம பொட்டி காப்பாத்திடுச்சி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு. புருஷன் போனதற்கப்புறம் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு தட்டில் கேக்கைக் கொண்டு வந்து வைத்தாள். நான் பையைத் திறக்கவேயில்லை. அலுவலகத்துக்கு, வீடு பூட்டியிருந்தது என்று எழுதி அனுப்பினேன். அடுத்த வாரமும் பூட்டியிருந்தது என்று எழுதினேன். அதற்கடுத்த வாரமும் எழுதினேன். பெட்டியில் சிவப்பு விளக்குகள் வழக்கம்போல எரிந்தன. அது எங்கேயும் போய்ச் சேரவில்லை என்பது எனக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்கும் மட்டும்தான் தெரியும். மனசு கேட்கவில்லை, இரக்கப்பட்டேன் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். இரக்கம் இல்லை, கோழைத்தனம். அவள் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அந்த மூன்று வாரத்தில் அக்கா பாதி ஆளாகிவிட்டாள். காலை பதினோரு மணிக்கும் மத்தியானம் மூன்று மணிக்கும் மறுஒளிபரப்பு, ஞாயிறு சாயங்காலம் ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை நேரடியாகப் புது நிகழ்ச்சி. அந்த நேரங்களில் வாசலுக்குக்கூட வரமாட்டாள். நெஞ்சு எரிகிறது, இடது கை மரத்துப்போகிறது என்று சொன்னாள். வாயு என்று மாத்திரை போட்டுக்கொண்டாள். டாக்டரிடம் காட்டினாயா அக்கா என்று கேட்டேன். "பதினோரு மணிக்கு வரச் சொல்றாங்க தம்பி. அந்த நேரத்துல எப்டிப் போறது? இது முடியட்டும், போறேன்" என்றாள். அப்போது நான் வாயைத் திறந்திருந்தால் போதும். அக்கா, பெட்டி செத்துப்போச்சு, நீ எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போ என்று ஒரு வாக்கியம். அழுதிருப்பாள், என்னைத் திட்டியிருப்பாள், போயிருப்பாள். "சரிக்கா, பாத்துக்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பக்கத்து வீட்டு அம்மாள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஆறரை மணிக்கு அந்த அம்மாள் ஊசி வாங்க வந்திருக்கிறாள். அக்கா வேர்த்து ஊற்றி, தையல் மிஷின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாளாம். ஆட்டோ கூப்பிடுகிறேன் என்றதற்கு, "எட்டு மணிக்கு முடிஞ்சிடும், அப்றம் போலாம். இப்ப நான் எழுந்தா அஞ்சு பேரும் போயிடுவாங்க" என்றிருக்கிறாள். யார் அந்த ஐந்து பேர் என்று அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. ஜன்னி கண்டு பேசுகிறாள் என்று நினைத்துப் பயந்துபோய், தன் புருஷனைக் கூப்பிடப் போயிருக்கிறாள். அவர் கடையைப் பூட்டிவிட்டு வந்து, கெஞ்சி, அதட்டிப் பார்த்தும் அசையவில்லை. மகள் பாடி முடித்து, அவள் படியில் விளக்கு அணையாமல் நின்றதைப் பார்த்த பிறகுதான் எழுந்திருக்கிறாள். எழுந்தவள் அப்படியே சரிந்தாள். ஞாயிறு சாயங்காலம், வெளியூர்க் கார்கள் எல்லாம் ஊருக்குள் திரும்புகிற நேரம். பாலத்தின் மேல் ஆட்டோ நகராமல் நின்றபோதே உயிர் போய்விட்டது. இரண்டு மணி நேரம் முன்னால் கொண்டு வந்திருக்கக் கூடாதா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்களாம். அந்த இரண்டு மணி நேரமும் நான் உழவர்கரையில் என் வீட்டுக் கூடத்தில், தோசைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, அதே நிகழ்ச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு அணையவில்லை என்றதும் என் பெண்டாட்டியிடம், அக்காவுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றேன்.

காலையில் போனேன். கூடத்தில் மிஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு அக்காவைச் சவப்பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். இரவோடு இரவாகச் சென்னையிலிருந்து வந்திருந்த மகள், அம்மா தைத்த அந்தப் பச்சைப் பட்டு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் தூக்கிக்கொண்டு ஓடிய அவசரத்தில் யாரோ டிவியின் சத்தத்தை மட்டும் குறைத்திருக்கிறார்கள். யாரும் அதை அணைக்கவில்லை. சத்தமில்லாமல் ஏதோ சமையல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. மீட்டரின் முகப்பில் ஐந்து எண்களும் எரிந்துகொண்டிருந்தன. ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில் குனிந்து போய், டிவியை அணைத்து, மீட்டரின் வயரைப் பிடுங்கினேன். கேபிள்காரர் என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். ரிமோட் மாதா சுரூபத்தின் காலடியில் இருந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

அதற்கடுத்த ஞாயிறு நடந்ததை எழுதவே கை கூசுகிறது. அடக்கத்தன்றே கல்லறைத் தோட்டத்துக்குக் கேமரா வந்திருந்தது. அக்காவின் தையல் மிஷினை வீட்டிலிருந்து எடுத்துப்போய் மேடையில் வைத்தார்கள், அதன் மேல் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றினார்கள். மகளைப் பக்கத்தில் நிறுத்திப் பாடச் சொன்னார்கள். அவளால் இரண்டு வரிக்கு மேல் பாட முடியவில்லை. கேமரா அவள் முகத்தை விட்டு நகரவில்லை. அந்த வாரக் கணக்கு வந்தபோது நானும் பார்த்தேன். அந்த நிகழ்ச்சி தொடங்கியதிலிருந்து அவ்வளவு பேர் பார்த்த வாரம் வேறு இல்லை. அதிலும் அந்த இரண்டு வரி நிமிஷத்தில் யாருமே வேறு சேனலுக்கு மாற்றவில்லை. அலுவலகத்தில் கை தட்டினார்கள். அக்கா எத்தனை பேரைக் கூட்ட வேண்டும் என்று விரலைத் தேய்த்துக்கொண்டாளோ, அவ்வளவு பேரும் அன்று வந்திருந்தார்கள். இரண்டு வாரம் கழித்து மகளின் படியில் விளக்கு அணைந்தது. நான் வேலையை விட்டேன்.

போன மாதம் தவளக்குப்பம் கூட்ரோட்டில் அவளைப் பார்த்தேன். அங்கே ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாளாம். கடைக்குள்ளிருந்து அவளே, "மாமா" என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடி வந்தாள். மெலிந்திருந்தாள். கோயிலில் பாடுகிறாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். பேருந்துகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பொட்டி விஷயம் எனக்குத் தெரியும் மாமா. அம்மா போன்ல சொல்லும், யார்ட்டயும் சொல்லிடாதன்னு. அன்னிக்கி எழுந்திரிக்காம அமுக்கிட்டே இருந்துச்சில்ல, அதனாலதான் அந்த வாரம் நான் தப்பிச்சேன். அத நெனச்சாதான் கொஞ்சம் ஆறுதலா இருக்கு. இல்லன்னா வீணா செத்துப்போச்சேன்னு பைத்தியம் புடிச்சிடும். அதனாலதான, மாமா?"

அவளிடமாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவளிடம் மிஞ்சியிருக்கும் ஒன்றையும் பிடுங்கிக்கொண்டதாக ஆகும். சொல்லாவிட்டால் அவள் அம்மாவைக் கொன்ற அதே வாயடைப்பு. எதைச் செய்தாலும் பாவம் என்கிற இடத்தில் என்னை நானே கொண்டு வந்து நிறுத்திக்கொண்டிருக்கிறேன். "ஆமாம்மா, அதனாலதான்" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்குள் போனாள்.

வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்து ரிமோட்டை எடுத்தேன். எண்கள் இல்லாவிட்டாலும் எது எது என்று விரலுக்குத் தெரிகிறது. ஒன்று, அக்கா. இரண்டு, அவள் புருஷன். அவர் அப்போது கல்லறையில் இருந்தார். மூன்று, மகன், பாரீஸில் இருந்தான். நான்கு, மகள், சென்னையில் மேடைமேல் நின்றிருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தக் கூடத்தில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்ததாக அந்தப் பெட்டி சொன்னது. மற்ற நான்கு பேரில் ஒருவர் நிஜமாக இருந்திருந்தாலும் அவளைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார். அவளை விட்டால், அந்த ஐந்து பேரில் அன்று உயிரோடும் ஊரிலும் இருந்தவன் ஐந்தாமவன் ஒருவன்தான்.